தொட்டி கழுவுகிற அக்கா

அந்தப் பல் மருத்துவமனையில் அவளைத் தொட்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் முதல் நோயாளி வருவதற்கு முன்பே கணவரின் வேனில் வந்து இறங்கிவிடுவாள். கையில் இரண்டு வாளி, ஒரு ரப்பர் குழாய், தோளில் ஒரு துணிப்பை. வரவேற்பறைச் சுவரையொட்டி இருந்த ஆறடித் தொட்டியில் ஏழு தங்கமீன்கள் அவள் நிழலைக் கண்டதுமே கண்ணாடியோரம் கூடிவிடும். வங்கி, கண்ணாடிக் கடை, குழந்தைகள் நூலகம் என்று ஊருக்குள் பதினொரு தொட்டிகள் அவள் பொறுப்பில் இருந்தன.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்தவள். கம்பெனியை மூடியதும் மீன்கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் மீனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பல் மருத்துவமனைத் தொட்டியில், விசேஷ வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மீன்கள் வந்தன, போயின. வாரத்துக்கு ஒன்று செத்து மிதந்தது. ஒருநாள் அவள் தொட்டியின் மணலுக்குள் கையை விட்டுக் கிளறினாள். கறுப்பாகக் குமிழ் கிளம்பி, அழுகின முட்டை நாற்றம் அறை முழுக்க அடித்தது. மீன் தின்ற மிச்சமும் கழிவும் அடியில் தேங்கி அழுகிக்கொண்டிருந்தன. அன்றைக்கே மணல் முழுவதையும் வாரி வெளியே கொட்டினாள். வெறும் கண்ணாடித் தரை. அதன்பின் மீன் சாகவில்லை.

மருத்துவர் வந்து பார்த்தார்.

"மீனு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தொட்டி, கழுவிக் கவுத்து வெச்ச பாத்திரம் மாதிரில இருக்கு. பல்லு புடுங்க வந்தவன் இதப் பாத்தா இன்னும் பயந்துடுவான்."

மணல் இல்லாமல் செடி எப்படி நிற்கும்? ஒரு வருடம் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். முதலில் செடிகளைக் கல்லில் கட்டிப் பார்த்தாள். நூலின் பச்சைச் சாயம் போய் தண்ணீர் கெட்டது. சின்னக் கூழாங்கல் போட்டாள். மீன் ஒன்று அதை விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தண்ணீரில் ஊறிய மரக்கட்டையில் பெரணிச் செடியைச் சாயம் போகாத கறுப்புப் பருத்தி நூலால் கட்டினாள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் கட்டையைப் பிடித்துக்கொண்டது. நாடா மாதிரி நீண்டு வளரும் புல்லை, உயரம் வேறு வேறான மூன்று குட்டைக் கண்ணாடி டம்ளர்களில் பிடி மணல் போட்டு நட்டு, மீன் கிளறாமல் மேலே தட்டைக் கல் வைத்து, பின்மூலையில் கூட்டமாக நிறுத்தினாள். இரண்டு பிளாஸ்டிக் வலைகளுக்கு நடுவே பாசியைப் பரப்பி, சட்டைக் காலர் தைப்பதுபோல் ஓரம் தைத்துப் பின்கண்ணாடியில் ஒட்டினாள். ஆறே வாரத்தில் அது பச்சைத் திரைச்சீலை ஆகிவிட்டது. தொட்டிக்கு அடியில் வெளிப்பக்கமாகக் கறுப்புத் துணி விரித்ததும் தரையின் பளபளப்பு அடங்கி, செடிகள் எடுப்பாகத் தெரிந்தன.

நடுவில் மட்டும் எதையும் வைக்கமாட்டாள். "மீனு திரும்ப எடம் வேணும். பாக்குற கண்ணு போய் உக்காரவும் எடம் வேணும்" என்பாள்.

இதையெல்லாம் அவள் முதலில் காட்டியது தங்கையிடம்தான். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரை எல்லாம் இவள்தான். தங்கைக்கு வாய் சாமர்த்தியம் அதிகம். தொட்டியைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்தாள்.

"அக்கா, இத ஊரே பாக்கணும். நீ செய், நான் வீடியோ எடுத்துப் போடுறேன்."

"போடு. என் மூஞ்சிய மட்டும் எடுக்காத."

அப்படியே ஆயிற்று. அக்காவின் கைகள், தங்கையின் குரல். அந்த வீடியோக்களை ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பதாகத் தங்கை சொல்வாள். இவள் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. முழங்கை வரை எப்போதும் ஈரம். கைப்பேசியைத் தொடவே பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மருத்துவமனைத் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பெரணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த டிவியில் காலை நிகழ்ச்சி ஓடியது. வரவேற்பில் இருக்கும் பெண் சத்தத்தைக் கூட்டினாள்.

"இங்க பாருங்களேன். நம்ம தொட்டி மாதிரியே இருக்கு."

திரையில் தங்கை. நீலப்புடவை, பக்கத்தில் ஒரு மணலில்லாத தொட்டி. இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

"மீன் செத்துக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் மணல்ல கைய விட்டுக் கிளறினேன். கறுப்பா குமிழ் வந்துச்சு..." என்று தங்கை தொடங்கினாள். அழுகின முட்டை நாற்றம், விழுங்கிய கூழாங்கல், சாயம் போன நூல். ஒன்றும் விட்டுப்போகவில்லை. மீன் திரும்பவும் கண் உட்காரவும் இடம் வேண்டும் என்பதைக்கூட அதே இழுவையில் சொன்னாள்.

"வீட்ல யாராவது உதவிக்கு இருக்காங்களா?"

"அக்கா இருக்காங்க. தொட்டியெல்லாம் கழுவித் தருவாங்க. பாவம், ரொம்பச் சுத்தமா கழுவுவாங்க."

நிகழ்ச்சி நடத்தியவர் சிரித்தார். கேமரா தொட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு விலகினார். அந்தச் சட்டைக்கு முந்தின மாதம்தான் அவள் காலர் மாற்றித் தைத்திருந்தாள். போன வாரம் ஒருநாள் வேனைப் பழுது பார்க்க விட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கக் காணாமல் போயிருந்த அவள் கணவர்.

"உங்களுக்கு இவங்களத் தெரியுமா?" என்றாள் வரவேற்புப் பெண்.

"தெரியும்."

பெரணியைக் கட்ட வேண்டும். பன்னிரண்டு வருடம் ஊசி பிடித்த கைக்கு அன்று முடிச்சு நாலாவது தடவைதான் விழுந்தது.

கணவர் அதற்குமேல் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பாத்துட்டியா?"

"எத்தன நாளா?"

"மூணு மாசமா டிவிக்காரங்களோட பேச்சு நடந்துச்சு. அவ கெஞ்சினா. உன்கிட்ட சொன்னா நீ வேணாம்பே, காரியம் கெட்டுப் போயிடும்னா. தொட்டிய ஏத்தி எறக்க ஆள் வேணும்னு கேட்டா. நான் என்ன பண்ண?"

"மூணு மாசமா என் பக்கத்துல உக்காந்து சாப்ட்டுருக்கீங்க."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். தங்கை சின்னவள், புகழுக்கு ஆசைப்பட்டாள் என்று எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுக்களைக்குள் போய் அரிசியைக் களைந்து வைத்தாள். களைந்ததையே மறுபடி களைந்தாள்.

மறுநாள் தங்கை வந்தாள்.

"அக்கா, கேமரா வேணாம்னு நீதானே சொன்ன?"

"மூஞ்சி வேணாம்னேன். பேரு வேணாம்னு எப்ப சொன்னேன்?"

"ரெண்டு பேரச் சொன்னா பாக்குறவங்க குழம்பிடுவாங்கன்னு அவங்கதான்..."

"கழுவுறவள்னு சொல்லச் சொன்னதும் அவங்கதானா?"

தங்கை நகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "பொது மருத்துவமனைக் கூடத்துல பெரிய தொட்டி வைக்கக் கேட்டிருக்காங்க. நீ வந்து கட்டிக் குடுக்கா. அங்க உன் பேரையும் போடச் சொல்றேன்" என்றாள்.

கடைசி வார்த்தை வரை இவள் பொறுமையாகக் கேட்டாள். உம்மையில்தான் மனசு விட்டுப்போயிற்று. உன் பேரையும்.

"உன் தொட்டி. நீயே கட்டு."

தங்கை கட்டினாள். மூன்றாவது வாரம் தொலைபேசி வந்தது. செடியெல்லாம் கூழாகிறது, அடியிலிருந்து வழுவழுப்பாகக் கழன்று வருகிறது. அழுகிற குரல்.

"பெரணிய டம்ளர்ல நட்டியா?"

"ஆமாக்கா. டம்ளர் வரிசையா அழகா இருக்கும்னு..."

"அதோட கிழங்க மணல்ல புதைச்சா அழுகிடும். வெளிய எடு. அழுகினத வெட்டிட்டு மிச்சத்தக் கட்டையில கட்டு. புல்லு மட்டும்தான் டம்ளருக்கு."

"நீ ஒருதடவ வந்து..."

"வரமாட்டேன்."

ஏன் சொல்லிக்கொடுத்தாய் என்று கணவர் கேட்டபோது, "செடி என்ன பண்ணிச்சு பாவம்" என்றாள். டிவியில் அவரைப் பார்த்த நாளிலிருந்தே அவர் வேனில் அவள் ஏறவில்லை. இரண்டு வாளியையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகப் பழகிக்கொண்டாள்.

ஐந்தாறு மாதம் கழித்து வங்கிக்குப் புது மேலாளர் வந்தார். தொட்டியை ஆசையாகப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"டிவில ஒருத்தங்க வந்தாங்களே, அப்படியே செஞ்சிருக்கீங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டீங்களா?"

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். வாய்வரை வந்ததையெல்லாம் சொன்னால் அவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் தங்கையைத் திருடி என்று ஊரார் முன்னால் சொன்னதாக ஆகிவிடும்.

"இல்லைங்க. அவ என் தங்கச்சி" என்றாள்.

"அப்படியா, ரொம்பப் பெருமையா இருக்குமே உங்களுக்கு."

அவள் குழாயை எடுத்து அழுக்குத் தண்ணீரை வாளிக்கு இறக்கினாள்.

தங்கை இப்போதும் வருகிறாள், போகிறாள். பிள்ளைகளின் படிப்பு, உடம்பு நலம் எல்லாம் பேசுகிறார்கள். சாப்பிட்டாயா என்று அக்கா கேட்காமல் இருப்பதில்லை. பாசி வலை தைப்பதற்கு அக்கா புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். வங்கித் தொட்டியில் பாசி இரண்டு மடங்கு அடர்த்தியாக நிற்கிறது. அதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.