ஆண்கள் கட்டடத்தில் அத்தை

மலேசியாவில் திருமணப் பதிவுச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே சமய வழக்கப்படி நடந்த திருமணம் செல்லுபடியாகும். அது பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும். சட்டம் இப்படித்தான் சொல்கிறது. ‘கருதப்படும்’ என்பது அரசாங்க மொழியில் மிக உறுதியான சொல். இல்லாத தாளை இருப்பதாக எடுத்துக்கொள், மேற்கொண்டு கேட்காதே என்று பொருள். இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதியும் திருத்தியும்தான் நான் ஓய்வு பெற்றேன். ஆகவே அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே அறை வாங்கித் தருவது ஒரு காலைப்பொழுது வேலை என்று நினைத்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். அந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலில் தாலி கட்டி, ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறி, அதை இடித்தபோது அடுக்குமாடிக்குப் போய், அங்கேயே ஒன்றாக மூப்படைந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. சண்டைகளுக்குக் குறைவில்லை. மாமா பேப்பரை விரிக்கும் நிமிடத்தில்தான் அத்தைக்கு ஏதாவது கேட்கத் தோன்றும். தேநீர் ஆறிவிட்டது என்று மாமா முறையிடுவார். ஆறும்வரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது யார் என்று அத்தை கேட்பார். இருவரும் இப்போது இல்லை. அதனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுதுகிறேன்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு அத்தையால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. பூச்சோங்கில் என் வீடோ மின்தூக்கி இல்லாத நான்காவது மாடி. கிள்ளானில் நம்மவர்கள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இருவரையும் சேர்த்தோம். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம், நடுவில் மாலையில் பூட்டப்படும் ஓர் இரும்புக் கதவு. தம்பதிகளுக்கென்று ஓர் இரட்டை அறை உண்டு. அது காலியாகத்தான் இருந்தது. ஆனால் திருமணத்துக்கு ஆதாரம் வேண்டும்.

“சர்ட்டிபிகேட்ட குடுங்கக்கா, இன்னிக்கே சாவி தரேன்” என்றார் இல்லத்தின் செயலாளர்.

“அந்தக் காலத்துல ஏதுங்க சர்ட்டிபிகேட்? இது மாமாவோட ரயில்வே மருத்துவ அட்டை. மனைவின்னு அத்தை பேரு போட்டிருக்கு, பாருங்க.”

“இது மருந்து வாங்கறதுக்குக்கா. கமிட்டி ஒத்துக்காதுலா.”

“உங்க விதியில ‘ஆதாரம்’னுதான் இருக்கு. சர்ட்டிபிகேட்னு இல்ல.”

அவர் தம் இல்லத்தின் விதியை அன்றுதான் முதன்முறையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். படித்து முடித்து, “ஆதாரம்னா சர்ட்டிபிகேட்தான்” என்றார்.

சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். அதற்குப் பதில் வருவதற்குள் சர்ட்டிபிகேட்டையே வாங்கிவிடலாம் என்று இன்னொரு திட்டமும் போட்டேன். பழைய திருமணங்களை விரும்பினால் இப்போதும் பதிவு செய்துகொள்ளலாம். வேனில் சக்கர நாற்காலியை ஏற்றி, இருவரையும் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். படங்கள், நகல்கள், நகல்களின் நகல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண்; தன்மையானவர். முறைப்படி இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். மாமா குழறிய நாக்கோடு அத்தையின் பெயரையும், அத்தையின் அப்பா பெயரையும், தாலி கட்டிய கோயிலையும் சொன்னார். அன்று மழையில் மேளக்காரர் தாமதமாக வந்ததைக்கூடச் சொன்னார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அடுத்து அத்தை. கணவர் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். அத்தை கதவுப் பக்கம் தாடையை நீட்டி, “டியா லா” என்றார். மலாயில் ‘அவர்தான்’ என்று பொருள்.

அதிகாரி சிரித்து, மறுபடி கேட்டார். அத்தை மறுபடி கதவைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடங்களில் அத்தை மாமாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னிடம் ‘உங்க மாமா’. மற்றவர்களிடம் ‘இவரு’. கோபம் வந்தால் ‘அந்த மனுஷன்’. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதுகூட, பக்கத்தில் நிற்பவர்களை விட்டுத்தான் பெயரைச் சொல்ல வைப்பார். எல்லாத் தாள்களையும் சரிபார்த்த நான் இதைச் சரிபார்க்கவில்லை.

“ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க அத்தே” என்றேன்.

“மாட்டேன்.”

“சரி, எழுதிக் காட்டுங்க.”

“எழுதினா மட்டும் சொன்ன மாதிரி இல்லியா?” பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வாயால சொன்னதில்ல. ஒரு கட்டிலுக்காகச் சொல்லணுமாடி?” என்றார்.

நான் சொல்லலாமா என்று கேட்டேன். விண்ணப்பதாரரே சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. சரியான பதில்தான், நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். மேல் விசாரணை தேவை என்று எழுதிவைத்தார்.

செய்தி எங்களுக்கு முன்னால் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது. “பாத்தீங்களாக்கா, கவர்மெண்டுக்கே சந்தேகம்” என்றார் செயலாளர். சர்ட்டிபிகேட் வாங்கப் போய், காலி அறைக்கு இன்னொரு பூட்டையும் நானே மாட்டியிருந்தேன்.

மறுநாள் மாலை, இரும்புக் கதவு பூட்டப்படுவதற்கு முன்பு, அத்தை ஒரு தலையணையையும் கைலி ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆண்கள் கட்டடத்துக்குப் போய், மாமாவின் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதைப் பிறகு எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கட்டில்காரர், பழைய லோரி டிரைவர்.

தாதி வந்து, “ஆறு மணிக்கு மேல பொம்பளைங்க இங்க இருக்கக் கூடாது பாட்டி” என்றாளாம்.

“அப்ப அவர அங்க தூக்கிட்டு வா. ரெண்டுல ஒண்ணு செய்யி.”

“நாங்கல்லாம் கொறட்ட விடுவோம்க்கா” என்றிருக்கிறார் டிரைவர்.

“இவரு விடாத கொறட்டயா?”

டிரைவர்தான் எழுந்து, எதிரெதிர்ச் சன்னல்களின் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, அத்தையின் கைலியைத் திரையாகத் தொங்கவிட்டார். போதவில்லை என்று தம்முடைய கைலியையும் சேர்த்துப் போட்டார். மற்ற ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து அத்தையை வெளியேற்றச் சொன்னார். நான் எழுத்தில் பதில் கொடுத்தேன்: ‘தங்கள் விதிகளில் கதவைப் பூட்டும் நேரம் குறிப்பிடப்பட்டுள்ளது. பூட்டியபின் உள்ளே இருப்பவரை வெளியேற்றும் அதிகாரம் எவருக்கும் அளிக்கப்படவில்லை. அப்படி ஒரு விதி இருப்பின் அதன் நகல் ஒன்றை அனுப்பி வைக்கவும்.’ என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நகல் வரவில்லை. அத்தைக்கு ஒரு மடக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி மழை முழுவதும் அவர்கள் திரைக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினார்கள். மாமா பேப்பரை ஒற்றைக் கையால் விரிப்பார். அத்தை ஏதாவது கேட்பார். திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் மாமாவுக்காகப் பதில் சொல்வார். “நீ யாரு நடுவுல?” என்று அத்தை அவரையும் சேர்த்துத் திட்டுவார்.

பிறகு, என் முதல் கடிதத்துக்கு கமிட்டியின் பதிலையும் இரட்டை அறையின் சாவியையும் செயலாளரே எடுத்துக்கொண்டு வந்தார். சர்ட்டிபிகேட் தேவையில்லையாம், சிறப்புச் சலுகையாம். நான் வாசித்துக் காட்டினேன். மாமா டிரைவருடன் ‘தாம்’ என்ற காய் நகர்த்தும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, போலாமா?” என்று கேட்டார் அத்தை.

மாமா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆட்டம் முடியல” என்றார்.

அத்தை செயலாளரைப் பார்த்தார். “சாவிய நீங்களே வச்சிக்கிங்க தம்பி. நாங்க குடி வந்து எவ்ளோ நாளாச்சி. அடுத்து ஒரு ஜோடி வரும், அவங்களுக்குக் குடுங்க. அந்தம்மாகிட்ட புருஷன் பேரு மட்டும் கேக்காதீங்க.”

செயலாளர் என்னைப் பார்த்தார். கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சியாக நான் கையெழுத்திட்டு, கீழே தேதியையும் போட்டுக் கொடுத்தேன். அன்று தைப்பூசத்துக்கு முதல் நாள்.