கணவாய்க் காற்றில் என் படகு

இரண்டு ஒல்லிப் படகுகளை அருகருகே வைத்து மேலே ஒரு தட்டால் இணைத்தால் அது கேட்டமரான். ரிமோட்டில் ஓடும் அப்படியொரு குட்டிப் படகு, எங்கள் தோப்புக் குட்டையை நான்கே நொடியில் கடக்க வேண்டும் என்று எனக்கு வெறி. செய்ய எட்டு மாதம் ஆனது. பசை காய்வதற்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்து நான் கெடுத்ததில் பாதி மாதங்கள் போயின.

மோட்டார்களைப் பொருத்தி முடித்த அன்று, வேலந்தாவளம் பக்கமெல்லாம் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, காத்து அடங்கட்டுமுங்க," என்றாள் மனைவி.

"அதுக்குத் தை மாசம் முடியோணும். உட்டுப் பாத்தர்லாம்," என்றேன்.

படகு சீறிக் கிளம்பியது. பாதி தூரத்தில், அந்த இரண்டு ஒல்லிப் படகுகளுக்கும் நடுவே எதிர்காற்று புகுந்து அதை அப்படியே தூக்கியது. பட்டம்போல் எழும்பி, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. ரிமோட்டைத் திருகினேன், கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், காற்றைத் திட்டினேன். அந்தக் காற்றுதான் படகை என் பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தது. வேறு வழியின்றி உட்கார்ந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி, சாப்பிட்டும் முடித்து வந்த மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல, நீங்க ஒரே எடத்துல உக்காந்திருக்கறத இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."