பலகை வழி

முட்டையைப் புரட்டிப் போட்டபடியே, தலைக்கு மேலிருந்த பலகைகளைப் பார்த்துக் கேட்டார் கிளெமென்ட் ஹாப்டே: "எழுந்துட்டியா?"

மாடியிலிருந்து மனைவி ஏவிஸின் குரல் வந்தது: "நீ முட்டையைக் கருக்குற வாசத்துல எவ தூங்குவா?"

தினமும் இப்படித்தான். இடுப்பு முறிந்த நாளிலிருந்து ஏவிஸ் கீழே இறங்கவில்லை. படி, புகைபோக்கியைச் சுற்றிச் சுருண்டு ஏறுகிறது. தோளைத் திருப்பாமல் யாரும் ஏற முடியாது. நானூறு வருடத்து வீடு. ஓக் மரச் சட்டங்கள், இடையிடையே குச்சிப் பின்னலும் களிமண்ணும், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நேரான மூலை ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு கால்களுக்குக் கட்டை கொடுக்காவிட்டால் ஏவிஸின் கட்டில் ஜன்னல் பக்கம் உருண்டுவிடும். படியை அகலமாக்க நகராட்சியில் அனுமதி கேட்டார் ஹாப்டே. புராதன வீடு, ஒரு மரச் சட்டத்தையும் அறுக்கக் கூடாது என்றார்கள்.

கட்டியவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கிறது. சமையலறைக்கு மேலே, இரண்டு விட்டங்களுக்கு நடுவே, ஆணியடிக்காத நான்கு பலகைகளை விட்டிருக்கிறார்கள். மாடியில் யாராவது இறந்தால், சவப்பெட்டியைக் கயிறு கட்டி இறக்க.

"உயிரோட அது வழியா எறங்க மாட்டேன்" என்று ஏவிஸ் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. இன்றே ஆஸ்பத்திரி என்றார் டாக்டர். தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்குப்படுக்கையைப் படியில் நுழைத்துப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே சிக்கியது. ஜன்னலிலோ தலைதான் நுழையும். அவர்களில் மூத்தவர் பலகைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ஐயா" என்றார்.

ஹாப்டே மேலே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கீழே பேசியதெல்லாம் பலகை இடுக்கு வழியே மேலே கேட்டிருந்தது. ஏவிஸே கேட்டார்: "திரும்ப மேல ஏத்துவியா?"

"ஏத்துறேன்."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு செவக்கும், கிளெம்." மூச்சு வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். "சரி, எடுக்கச் சொல்லு."

பலகைகள் போனதும் மாடியறை வெளிச்சம் சமையலறை மேஜைமீது நீளமாக விழுந்தது. போர்வையோடு கட்டப்பட்ட ஏவிஸ், கயிற்றில் மெல்ல இறங்கினார். ஹாப்டே நேர் கீழே நின்றார். இதே இடத்தில்தான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அப்பாவின் சவப்பெட்டிக்கு நின்றார், பிறகு அம்மாவுடையதற்கு. கை தானாகப் போய்த் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றியது.

ஏவிஸ் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார்.

ஹாப்டே அவசர அவசரமாகத் தொப்பியைப் போட்டு, இரண்டு கைகளாலும் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.