நட்டோமா, நட்டமா

அந்தக் கட்டுமானக் கம்பெனியில் தட்டச்சு செய்பவளுக்குக் கொம்பக்கா என்று பட்டப்பெயர். கொம்பு விட்டுப்போன எழுத்தைக் கண்டால் தொண்டையில் முள் சிக்கியதுபோல் தவிப்பாள். கடைப் பலகையில் கண்டாலும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அப்படிப்பட்டவளுக்கே சறுக்கிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் யானைக்கு வேலை போகாது.

இவளுக்குப் போனால் கதியில்லை. கொத்தனாரான கணவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுத்த படுக்கை. இன்னொரு பிழை வந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஆண்டறிக்கையைக் கணக்கர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பது வழக்கம். அன்று காலை முழுக்கச் சிமெண்டில் நட்டம், கம்பியில் நட்டம், பாதியில் நின்ற பாலத்தில் நட்டம் என்று அழாக்குறையாகச் சொல்லிவந்தவர், மூச்சு விடாமல் பசுமைப் பக்கத்துக்குத் தாவி, பத்தாயிரம் மரம் நட்டோம் என்றார். பழகிய விரல் ‘நட்டம்’ என்றே அடித்துவிட்டது. அச்சாகி, பங்குதாரர் கூட்டத்தில் நாற்காலிக்கு ஒன்றாக வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது: ‘பத்தாயிரம் மரம் நட்டம்.’

பேனாவோடு நாற்காலி நாற்காலியாக ஓடினாள். எழுத்துக்குப் பின்னால் துணைக்காலைப் போட இடமிருந்தது. முன்னால் கொம்பைச் செருகத்தான் இடமில்லை. போட்டவரைக்கும் ‘நட்டாம்’ என்றாகி, யாரோ சொல்லிக் கேட்ட சங்கதி மாதிரி நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பாதி வரிசை முடிவதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளின் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“என் புத்தகத்துல நட்டம்னு இருக்கு, இவர் புத்தகத்துல நட்டாம்னு இருக்கு. மரம் நட்டீங்களா, இல்ல நட்டதாக் கேள்விப்பட்டீங்களா?”

கூடம் சிரித்தது. முதலாளியின் முகம் சூளைச் செங்கலாகி, கண் கொம்பக்கா மேல் வந்து நின்றது. நட வாங்கிய மரக்கன்றுகள் எல்லாம் சிமெண்டுக் கிடங்குக்குப் பின்னால் பையோடு காய்ந்து விறகானதைத் தினமும் பார்த்துவந்தவள் அவள். கணவரை நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என் தப்புதான் ஐயா. நட்டோம்னு இருக்கணும்.”

முதலாளிக்கு உயிர் வந்தது. பெரியவரோ விடுகிற ஆளாக இல்லை. நட்டது நிசமென்றால் பார்த்துவிடலாமே, புத்தகத்தில் போட்டிருக்கிற இடம் பின்வாசலுக்கு அந்தப் பக்கம்தானே என்றார். எல்லோரும் எழுந்தார்கள். இந்தம்மாவே காட்டுவார் என்று முதலாளி பல்லைக் கடித்தபடி சிரித்தார்.

பளபளக்கும் செருப்புகள் பின்னால் வர, முன்னால் அவள் நடந்தாள். நத்தைகூட அவளை முந்தியிருக்கும். வெளியே பொட்டல், ஒரு புல்லுக்கும் வழியில்லை.

“எங்கம்மா மரம்?” என்றார் பெரியவர்.

அவள் பொட்டலை நோக்கிக் கையை நீட்டினாள்.

“இங்கதான் ஐயா. எல்லாம் மண்ணுக்கு அடியில இருக்கு. இன்னும் மேல வரல.”

பெரியவர் குனிந்து மண்ணைப் பார்த்தார். முதலாளி அவளைப் பார்த்தார்.