வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்

ஆசிரியராகப் போகும் பிள்ளைகளுக்கு, வாசிக்கக் கற்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளிக்கூடங்களுக்குக் குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் போய், பின்கதிரையில் உட்கார்ந்து, அவர்கள் கற்பிப்பதைப் பார்த்துப் படிவத்தில் புள்ளி போடுவதும் என் வேலைதான். அந்தப் புள்ளியை வைத்துத்தான் நியமனம். இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். சரியான மடைச்சி நான்.

போன வருடம் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போனேன். மாணவ ஆசிரியை அதே தோட்டத்துப் பெண். இவளுக்கு வேலை கிடைத்தால்தான் தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம். மூன்றாம் தரத்தில் பதினொரு பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். "காய்ச்சல் காலம், மேடம்" என்றாள். ஒவ்வொரு பிள்ளையும் தான் வாசித்ததைத் தொடுதிரை டெப்பில் பதிந்து, போட்டுக் கேட்டு, தடுக்கிய இடத்தைத் தானே திருத்தியது. வகுப்பில் நான் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் கண்முன்னே நடந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு. அங்கேயே ஆகக்கூடிய புள்ளியைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

கீழே பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு தாய் எட்டு வயது மகளோடு வந்து நின்றார். பிள்ளை வீட்டுச் சட்டையில் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன்.

"வாசிக்கத் தெரியாத ஒம்பது புள்ளைங்கள இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க, மிஸ்" என்றார் தாய். "பெரிய மிஸ் பாக்க வர்றாங்களாம். நம்ம தோட்டத்துப் புள்ள, அதுக்கு வேல கெடைக்கட்டுமே."

அங்கேயே நின்று மாணவ ஆசிரியைக்குப் போன் எடுத்தேன். அவள் மறுக்கவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது, மேடம். போன வருஷ பெட்ச் அக்காமார்தான் சொல்லித் தந்தாங்க. அந்தப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு, ஒங்க படிவத்துல கேக்குறத நாப்பது நிமிஷத்துல காட்ட ஏலாது" என்று அழுதாள்.

அந்தப் படிவத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். இத்தனை வருடமாக நான் புள்ளி போட்ட வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் இருந்தார்களோ. யாரைத் திட்டுவது? திரும்ப ஏறிப் போய்ப் புள்ளியை வெட்டினால் இவள் வாழ்க்கை போய்விடும். வெட்டாவிட்டால், அடுத்த பெட்சுக்கு இவளே இதைச் சொல்லிக்கொடுப்பாள். எதைச் செய்தாலும் அந்த ஒன்பது பேருக்கும் வாசிக்க வரப்போவதில்லை.

பேசியதைக் கேட்டு நான் யார் என்று தாய்க்குப் புரிந்துவிட்டது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்ற பயத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தது. பிள்ளைதான் என்னைப் பார்த்துக் கேட்டது:

"நீங்க போயிட்டீங்கன்னா, நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகலாமா, மிஸ்?"

போகலாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன். போட்ட புள்ளியை நான் மாற்றவில்லை.