‘ஒரு சகோதரி’ எழுதிய சீட்டு

அன்று ஆராதனையில் என் கணவர் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று ஜெபித்தாரே, அது தமக்காக எழுதப்பட்ட சீட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? இரண்டு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், துவைக்கிறேன், பிள்ளைக்குத் தலை பின்னுகிறேன். அவரிடமே கேட்டுவிடலாம். கேட்டால், சீட்டை எழுதியது நான்தான் என்று சொல்லியாக வேண்டும்.

என் கணவர் தென்காசிப் பக்கம் ஒரு சபையின் போதகர். எங்கள் ஊர்ப் பேச்சில் போதகரை ஐயர் என்பார்கள், அதனால் நான் ஐயரம்மா. எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன், நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என்னைவிட இருபது வயது மூத்தவர்களும் தங்கள் வீட்டுச் சண்டையை, நோயை, பிள்ளைகளின் படிப்பை எல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். நான் தேநீர் போட்டுக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக் கவலையை யாரிடம் சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கவலை போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு தொடங்கியது. தாய்ச் சபை போக, சுற்றியுள்ள ஏழு ஊர்ச் சபைகளையும் அவர்தான் பார்க்கிறார். கல்யாணமான புதிதில் சனிக்கிழமைதோறும் என்னைச் சமையலறை முக்காலியில் உட்கார வைத்து மறுநாள் பிரசங்கத்தைச் சொல்லிக் காட்டுவார். “எந்த எடத்துல கொட்டாவி வருதுன்னு மட்டும் சொல்லு” என்பார். ஜனவரியில் அது நின்றது. பிறகு ஒரு நாள் மேஜையைத் துடைக்கும்போது பார்த்தேன், பழைய பிரசங்க நோட்டில் மேலே இருந்த தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி போட்டிருந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு ஊர் ஓடுகிறவர் எத்தனை பிரசங்கம்தான் புதிதாக எழுதுவார்?

சாப்பாட்டு வேளை ஜெபம்தான் என்னைப் பயமுறுத்தியது. “பாப்பா சொல்லட்டும்” என்று மகளிடம் விட்டுவிடுவார். முதலில் அவளுக்குப் பழக்குகிறார் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஒரு வேளைகூட அவர் வாயைத் திறக்கவில்லை.

“அத்தான், நீங்க ஏன் ஜெபம் சொல்ல மாட்டேங்கிய?”

“வெளிய சொல்லுதேம்லா.”

“வீட்ல?”

“வெளிய சொல்லுதது வாய் சொல்லுது. வீட்லயும் வாய வச்சே சொல்லச் சொல்லுதியா?” என்றார். பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.

நான் ஊற்றினேன். மேலே கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்டிருந்தால் பின்னால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது என்று சில நாள் தோன்றுகிறது.

கோடையில் பிரசங்கத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அவரேதான் சபைக் கமிட்டியில் கேட்டார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு வாரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் மகளிர் சங்கத்து நர்சம்மா ஒருவரும் முறை வைத்துப் பேசுவார்கள். இவர் திங்கள் முதல் வியாழன் வரை குற்றாலத்தில், சபையார் ஒருவருடைய பூட்டிக் கிடந்த வீட்டில் தங்கிப் படித்து, ஜெபித்து, ஓய்வெடுத்து வருவார். கமிட்டி ஒத்துக்கொண்டது. ஆனால் கூட்டம் எங்கள் கூடத்தில்தான் நடந்தது, அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு லீவு விட்டாச்சு. ஐயருக்கும் லீவாக்கும்” என்றார் ஒருவர்.

“லீவுதான் கேட்டாவ, சரி. குத்தாலத்துல இப்ப வெறும் பாறைதான இருக்கு. சீசனுக்குப் போனாலும் ஒரு குளி குளிக்கலாம்” என்றார் இன்னொருவர்.

என் கணவர் சிரித்தபடி, “தண்ணி விழும்போது அங்கன நிக்கணும்லா அண்ணாச்சி. இப்பமே போய் எடம் பிடிக்கேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை, சோறும் தீயலும் கட்டி எடுத்துக்கொண்டு மகளுடன் பஸ்ஸில் போனேன். மேலகரம் தாண்டினால் மலை கிட்டத்தில் வந்துவிடும். அருவி விழும் இடத்தில் பாறையில் ஈரம்கூட இல்லை. குளியல் எண்ணெய்க் கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. அவர் முன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேதாகமம் நான் திங்கட்கிழமை பையில் வைத்துக் கட்டிய துண்டுக்குள்ளேயே, கட்டிய கட்டு அவிழாமல் இருந்தது.

“மூணு நாளா என்ன செஞ்சிய?”

“தூங்குனேன்.”

“படிக்கலியா?”

“தூங்குனேம்மா” என்றார் மறுபடி. கோபமே இல்லாமல் சொன்னார். மகள் அவர் மடியில் ஏறிக்கொண்டாள், அவளுக்குக் குரங்கு காட்டினார். தூங்கியது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கத் தெரியவில்லை. இவர் இனிப் பிரசங்க மேடைக்குத் திரும்ப மாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த வேலை போனால் என்ன செய்வோம் என்பதல்ல என் பயம். அந்த வேலை இல்லாமல் அவர் யார் என்று அவருக்கே தெரியாது.

எங்கள் ஆலய வாசலருகே ஒரு மரப்பெட்டி உண்டு. யாரும் பெயர் போடாமல் ஜெப விண்ணப்பம் எழுதிப் போடலாம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும் பெண்கள் அதைத் திறப்பார்கள். ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்து, மனதுக்குள் வாசித்து, ஜெபித்துவிட்டுக் கிழித்துப்போடுவது வழக்கம். என் சீட்டும் ஏதோ ஒரு பெண்ணின் கையில் போய்ச் சேரட்டும், அவளுக்கும் தெரிய வேண்டாம், எனக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அறிவிப்புப் பலகையில் தொங்குவதெல்லாம் என் கையெழுத்துதான் என்பதால், எழுத்தை மாற்றி, சின்னப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதினேன். “என் கணவர் தன் வேலையை முன்போல் செய்ய முடியாமல் உள்ளே வறண்டுபோய் இருக்கிறார். வீட்டில் ஜெபிப்பதில்லை. அவருக்காக ஜெபிக்கவும். ஒரு சகோதரி.” குற்றாலத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே போய்ப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு தலைமையாசிரியரின் முறை. சனிக்கிழமை என் கணவர், “நாளைக்கு நான் சும்மா உக்காந்து கேக்கப் போறேன்” என்றார். அங்கியில்லாமல், வெள்ளைச் சட்டையில், ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தலைமையாசிரியர் நாற்பது நிமிடத்துக்கென்று எழுதிக்கொண்டு வந்த பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் தடவை என்பதால் பதற்றத்தில் வேகமாகப் படித்துவிட்டார். தாள்களைப் புரட்டினார், முகத்தைத் துடைத்தார். பிறகு அவர் கண் வாசல் பெட்டியில் விழுந்தது. “நேரம் இருக்கு. விண்ணப்பங்களையும் பாத்துருவமே” என்றார். வெள்ளிக்கிழமை வழக்கம் அவருக்குத் தெரியாது. பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான் எழுந்து தடுப்பேன் என்று. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

முதல் சீட்டு ஒரு பிள்ளையின் விசாவுக்கு. இரண்டாவது முழங்கால் வலிக்கு. மூன்றாவதை வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார், ஒரு சகோதரி என்பது வரை. வாசித்துவிட்டு, “நம்ம ஐயரவாளே இங்கன இருக்காவ. இதுக்கு அவங்க ஜெபிக்கதுதான் பொருத்தம்” என்றார். சீட்டு கைமாறிக் கடைசி வரிசைக்குப் போனது.

அவர் மகளை இறக்கிவிட்டு எழுந்தார். சீட்டைப் பார்த்தார். மைக் இல்லாததால் அவர் பேசுவது கேட்கவில்லையோ என்று நினைத்து யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். அவர் மேடையில் ஜெபிக்கும் தமிழ் வேறு. அன்று வீட்டில் பேசுகிறதுபோல் பேசினார்.

“ஆண்டவரே, இவருக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. நீர் பாத்துக்கிடும். இந்தச் சகோதரி ரொம்பப் பயந்துபோய் இருக்காங்க. அந்தப் பயத்த மட்டுமாவது இன்னைக்கு எடுத்துப்போடும். ஆமென்.”

நான் பயப்படுகிறேன் என்று சீட்டில் எழுதவில்லை.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திங்கட்கிழமை துவைக்கும்போது பையைப் பார்த்தேன், இல்லை. அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கலாம். திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆலயம் விட்டதும் படியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். “யாரா இருக்கும்?” “வேலைய ஒழுங்கா செய்யல, ஜெபிக்கல. வேற யாரு, நம்ம போலீஸ்காரர் வீடுதான். அவரு கோயிலுக்கு வந்து எத்தன மாசம் ஆச்சு?” நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று சொன்னேன், உண்மைதான். ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை.

அவர்கள் சொன்ன பெண் என் வயதுக்காரி. புதன்கிழமை காலை வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஐயரம்மா, ஆளாளுக்கு எனக்கு ஆறுதல் சொல்லுதாவ. அது எங்க வீட்ல அவுக காதுக்கும் போயிட்டு. ஏட்டி, வீட்டு விசயத்தப் பெட்டியில போட்டியான்னு கேட்டுட்டு, ரெண்டு நாளா எங்கூடப் பேசல. சத்தியமா நான் எழுதல. நீங்களாவது நம்புங்க.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நம்புகிறேன் என்றேன். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. அந்த வாரம் என் கணவர் குற்றாலத்துக்குப் போகவில்லை, உள்ளறையில் இருந்தார். அவர் வெளியே வந்து, “நீ எழுதலன்னு எனக்குத் தெரியும்மா. உன் வீட்டுக்காரர்ட்டயும் நான் வந்து சொல்லுதேன்” என்றார். சொன்னபடி சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எப்படித் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போதகர் என்ற முறையில் ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா? அதைச் சொன்னபோது அவர் என் பக்கம் திரும்பவில்லை. தெரியாததால் திரும்பவில்லையா, தெரிந்ததாலா?

ஜூன் இரண்டாவது ஞாயிறு அவர் மறுபடி மேடையேறினார். பழைய நோட்டு இல்லை. ஒரே ஒரு தாள் வைத்திருந்தார், நடுவில் தடுமாறினார், சீக்கிரம் முடித்துவிட்டார். “ஐயரு பிரசங்கம் சுருங்கிப்போச்சு” என்று சிலர் சொல்கிறார்கள். நர்சம்மா மட்டும், “இப்பத்தான் எங்ககிட்ட பேசுதாவ” என்றார். பிரசங்கத்தைப் பகிர்ந்துகொள்வது தொடரட்டும் என்று கமிட்டியும் சொல்லிவிட்டது. இப்போது சீசன். சாரல் எங்கள் வாசல் வரை வருகிறது. வீட்டில் இன்னமும் மகள்தான் சாப்பாட்டு ஜெபம் சொல்கிறாள். அவள் முடித்த பிறகும் சில நாள் அவர் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரமாகிறது. அது ஜெபமா, களைப்பா என்று பார்த்துக்கொண்டே நான் சோறு போடுகிறேன்.

அந்தப் பெண் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கணவர் பேச ஆரம்பித்துவிட்டாராம். ஆனால் சபையில் பேச்சு ஓயவில்லை. போன வாரம் மேலகரம் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுதியதுதான் என்று சபையில் சொன்னால் அவள் பேருக்கு வந்த பழி போகும். ஆனால் சீட்டில் இருந்தவர் யார் என்பதும் அந்த நிமிடமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போதுதான் எழுந்து நிற்க ஆரம்பித்திருக்கிறார்.

இதையும் பெயரில்லாமல்தான் எழுதுகிறேன். முதல் தடவை செய்ததையே மறுபடி செய்கிறேனோ என்று எழுதும்போதே உறுத்துகிறது. ஆனாலும் கேட்கிறேன். என் கணவரிடம் முதலில் சொல்லவா, அந்தப் பெண்ணிடம் முதலில் போகவா? அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்து, நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரென்றால், இத்தனை நாள் தாமதத்தை எப்படிச் சொல்வது? தெரியாதென்றால், இப்போது சொல்வது அவரை மறுபடி கீழே தள்ளிவிடுமா? இப்படி ஓர் இடத்தில் நின்றவர்கள் உங்களில் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள், அது சரியாக வந்ததா என்று எழுதுங்கள். சரியாக வராவிட்டாலும் எழுதுங்கள்.