துவக்கின் இடுக்கில் வைத்த விபூதி

என் மருமகன் மான் வேட்டைக்கென்று புதுத் துவக்கு வாங்கி வந்தது, இலங்கையில் எங்கள் ஊரில் சண்டை முடிந்த அதே வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அந்த வைகாசி முழுக்க, கனடாவில் நாங்கள் இருக்கும் மோர்னிங்சைட்டில் எந்த வீட்டிலும் டிவி அணையவில்லை. நாங்களும் பஸ் ஏறிப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி றோட்டில் இருந்து கத்தினோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிறகு இலை உதிரும் காலம் வந்தது. ஒருநாள் மருமகன் நீளப் பெட்டி ஒன்றோடு வாசலில் நிற்கிறார்.

“உதென்ன தம்பி, உந்தப் பெட்டிக்குள்ள?”

“துவக்கு மாமி. வேலையிடத்துப் பொடியள் மான் வேட்டைக்குப் போறாங்கள். நானும் போகப்போறன்.”

“உங்களுக்கு வேற வருஷம் கிடைக்கேல்லையோ?”

அவர் பாவம். பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறவர். இத்தனை காலமும் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் ஓரமாக இருந்தவரை இப்போதுதான் முதல்முதலாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை: முதலில் சுட்டுக் காட்டவேண்டும். குறி தவறிக் காயப்பட்ட மானைக் காடு முழுக்கத் தேடித்திரிய அவர்களுக்கு ஏலாதாம். மனுசன் அன்றிலிருந்து பாதித் தூக்கந்தான்.

நவராத்திரியில் ஆயுதபூசை வந்தது. ட்ரக்கைக் கிளப்பும் திறப்போடு துவக்கையும் பூட்டுப் போட்டபடியே சாமிக்கு முன்னால் வைத்தார். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பார்த்தால் குழாய்க்கும் அடியிலிருக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு ஒன்று. புது வாகனத்தில் கண்ணாடிப் பக்கம் விபூதி செருகுவோமே, அதுபோல இதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கோயில் விபூதியைக் கடதாசியில் தட்டையாக மடித்து உள்ளே தள்ளினேன். ‘பிள்ளையாரப்பா, உந்தத் துவக்குச் சன்னம் ஒருத்தரிலும் படக்கூடாது’ என்று கும்பிட்டேன். மானைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

குறி சரிபார்க்கப் போன அன்று மகளுக்கு வேலை. வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் நானும் காரில் ஏறிக்கொண்டேன். பிக்கரிங் தாண்டி வடக்கே, சுட்டுப் பழகுகிற ஒரு வெளி. மருமகனோடு வேலை செய்கிற புத்தளத்து முஸ்லிம் பிள்ளை அங்கே காத்திருந்தார். பல வருஷமாக வேட்டைக்குப் போகிறவர். எனக்குக் காதுமூடி ஒன்று தந்தார். அது கொண்டையில் தட்டுப்பட்டுக் கழன்று கழன்று விழுந்தது.

மருமகன் துவக்கை மேசை மேலிருந்த மணல் மூட்டையில் வைத்துச் சுட்டார். முதல் வெடிக்கு நான் முருகா என்று கத்திவிட்டேன். தூரத்தில் வட்டம் போட்ட குறி மட்டையில் ஓட்டை ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்றைக் காணவேயில்லை. அவர் துவக்கின் மேலிருந்த, குறிபார்க்கிற ஸ்கோப்பைத் திருகப் போனார்.

“திருகாத மச்சான்! முதல்ல மூண்டும் ஒரு இடத்துல கூடட்டும். பிறகு கூட்டத்தோட நடுவுக்குக் கொண்டு போகலாம்.”

அவை கூடவேயில்லை. அந்தப் பிள்ளை தானே சுட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே கதைதான். ஸ்கோப்பின் ஆணிகளை இறுக்கினார்கள். அப்படியும் சரிவரவில்லை. பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குளிரிலும் மருமகனுக்கு நெற்றி வேர்த்தது.

பிறகு அந்தப் பிள்ளை கோப்பி வாங்கிய பில் துண்டை எடுத்துக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் இழுத்துப் பார்த்தார். சுடும்போது குழாய் அதிருமாம், மரத்தில் முட்டக்கூடாதாம். துண்டு பாதியில் நின்றது. மெல்லிய குச்சியால் கிண்டினார். கடதாசி கிழிந்து அவருடைய கறுப்பு ஜக்கெட்டெல்லாம் விபூதி.

“மச்சான், உன் துவக்கு தும்முதடா!”

மருமகன் மெல்லத் திரும்பினார். “மாமி...”

“நான்தான் தம்பி.” எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அன்ரி, அப்படி என்னதான் கேட்டு வச்சீங்க?”

“ஒருத்தரிலும் படக்கூடாது எண்டு.”

“அப்ப கேட்டது கிடைச்சிருச்சே. மட்டையிலகூடப் படல்ல!”

வெள்ளைக்காரர்களுக்கும் விளங்கப்படுத்தினார். அவர்களும் சிரித்தார்கள். நான் காதுமூடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

குழாய் ஆறும்வரை பொறுத்து மருமகன் மறுபடி சுட்டார். மூன்றும் ஒன்றாகக் கூடி நின்றன, கொஞ்சம் வலது பக்கமாக. இப்போது ஸ்கோப்பைத் திருகினார். டிக், டிக். பிறகு சுட்டது மூன்றும் நடு வட்டத்துக்குள்.

“விழுந்திட்டுது! நடுவில விழுந்திட்டுது!”

கத்தியது நான்தான். கை தட்டியதும் நான்தான். மருமகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“இனி நீ வரலாம் மச்சான். அன்ரியையும் கூட்டிட்டு வா!”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் தட்டிக்கொண்டே நின்றேன். அடுத்த மேசையில் யாரோ சுட்டார்கள். என் காதுமூடி அப்போது கழன்று கழுத்தில் கிடந்தது. வைகாசியில், ஊரில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த தங்கச்சியின் டெலிபோனுக்குள்ளால் கேட்ட அதே சத்தம். அன்றைக்கு இதே கைகளால்தான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கைகளைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மருமகன் இரண்டு மூன்று தரம் என் பக்கம் பார்த்தார்.

“அவன் பகிடி பண்ணினது மாமிக்குக் கோபமோ?”

“இல்லைத் தம்பி. அவர் நல்ல பிள்ளை.”

“பிறகேன் பேசாமல் வாறியள்?”

“கை விறைக்குது.”

அவர் ஹீற்றரைக் கூட்டிவிட்டார். கார் நன்றாகச் சூடேறியது. மோர்னிங்சைட் வரும்வரை நான் கைகளை வெளியே எடுக்கவில்லை.